ஸ்கில்டு ஒர்க்கர் விசா நீட்டிப்பு: எந்த ஆவணங்கள் உண்மையில் வேண்டும்?

தெற்கத்திக்காரன் | 3 நவம்பர் 2025

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தின் ரெடிங்கில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். 2023 ஜனவரியில் மூன்று ஆண்டு ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் (நிறுவனம் ஸ்பான்சர் செய்யும் வேலை விசா) சென்னையிலிருந்து வந்தேன். மனைவி குடும்பத்தினருக்கான டிபென்டன்ட் விசாவில் கூடவே வந்தார். எங்கள் இருவர் விசாவும் 2026 ஜனவரி 14 அன்று முடிகிறது. மகள் 2024-இல் இங்கேயே பிறந்தாள். அவளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் எடுத்திருக்கிறோம். விசா என்று எதுவும் இதுவரை இல்லை.

அதே நிறுவனம், அதே வேலை. எச்.ஆர். பிரிவில் "டிசம்பரில் சி.ஓ.எஸ். போட்டுக்கொள்ளலாம், அவசரமில்லை" என்கிறார்கள். சி.ஓ.எஸ். என்பது நிறுவனம் ஒதுக்கும் ஸ்பான்சர்ஷிப் சான்று. எனக்கோ தூக்கம் வரவில்லை. ஊரில் தெரிந்தவர் மூலமாக ஒரு விசா ஆலோசகரிடம் பேசினோம். அவர் அனுப்பிய பட்டியலைப் பார்த்ததும் தலை சுற்றியது: பட்டச் சான்றிதழ், எல்லாப் பருவத்து மதிப்பெண் பட்டியல்கள், புதிதாக ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, காசநோய்ப் பரிசோதனை, தமிழ்நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழ், ஆறு மாத வங்கி அறிக்கை, பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், மேலாளரிடமிருந்து ஒரு கடிதம். இவை அத்தனையும் வேண்டுமா? ஐஇஎல்டிஎஸ் என்றால் இனி தேதி பிடித்து எழுதி முடிவு வருவதற்குள் விசாவே முடிந்துவிடும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். என் பாஸ்போர்ட் 2026 ஜூலையில் காலாவதியாகிறது. முதலில் அதைப் புதுப்பிக்க வேண்டுமா? பொங்கலுக்கு ஊருக்குப் போக மனைவிக்கும் மகளுக்கும் ஜனவரி 10-க்கு டிக்கெட் எடுத்தாயிற்று. அதற்குள் விண்ணப்பித்துவிட்டால் போதும்தானே?

---

ஈஸ்ட்ஹாம்_வாசி | 3 நவம்பர் 2025

தம்பி, இருக்கிற எல்லாவற்றையும் ஏற்றிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. நான் இரண்டு தடவை நீட்டித்திருக்கிறேன். இரண்டு தடவையும் வங்கி அறிக்கை, சம்பளச் சீட்டு, கவுன்சில் (உள்ளாட்சி) வரிக் கடிதம், பட்டம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றினேன். ஒரு கேள்வியும் வரவில்லை. கோப்பைத் திறக்கிற அதிகாரி எதையும் தேட வேண்டிய நிலை வரக்கூடாது. குறைவாகக் கொடுத்து, பிறகு அவர்கள் கேட்டு மின்னஞ்சல் அனுப்பி, அது ஸ்பேமில் போய் விழுந்து, யாருக்கு அந்தத் தலைவலி?

மனைவியின் ஆவணங்களில் ஒன்றைக் கவனியுங்கள். எங்கள் திருமணச் சான்றிதழ் யாழ்ப்பாணத்தில் எடுத்தது, முழுவதும் தமிழில். ஆங்கிலத்திலோ வெல்ஷ் மொழியிலோ இல்லாத எதற்கும் முழு மொழிபெயர்ப்பு வேண்டும். இது மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி, தேதி, மொழிபெயர்ப்பாளரின் முழுப் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நாமே பெயர்த்து எழுதியது செல்லாது.

---

குறிப்பேடு | 4 நவம்பர் 2025

தெற்கத்திக்காரன், நான் ஒரு நிறுவனத்தில், வெளிநாட்டினரை வேலைக்கு எடுக்கத் தேவையான ஸ்பான்சர் உரிமம் தொடர்பான வேலைகளைப் பார்க்கிறவன். வழக்கறிஞர் இல்லை. பொது விதிகளை மட்டும் சொல்கிறேன். குழப்பமான நிலைமை என்றால் சொலிசிட்டரிடமோ (வழக்கறிஞர்), விசா ஆலோசகர்களைக் கண்காணிக்கும் இமிக்ரேஷன் அட்வைஸ் அத்தாரிட்டியில் பதிவு செய்தவரிடமோ போங்கள். இந்த ஆண்டு ஜனவரி வரை ஓ.ஐ.எஸ்.சி. என்று இருந்த அமைப்புதான் அது. இந்த நாட்டில் பணம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அந்தப் பதிவோ சொலிசிட்டர் போன்ற தகுதியோ இல்லாமல் விசா ஆலோசனையைத் தொழில்முறையில் வழங்குவது குற்றம். உங்களுக்கு வந்த பட்டியலைப் பார்த்தால், வெளிநாட்டிலிருந்து முதல் முறை வருகிறவருக்கான பட்டியலை அப்படியே உங்களுக்கும் அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிகிறது.

ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத் தேர்ச்சியை 2023-இல் வெற்றி பெற்ற விண்ணப்பத்திலேயே நிரூபித்துவிட்டீர்கள். மறுபடி நிரூபிக்க வேண்டாம். 2026 ஜனவரி 8 முதல் ஆங்கிலத் தகுதி பி1 நிலையிலிருந்து அடுத்த நிலையான பி2-ஆக உயர்கிறது என்ற செய்தி பலரைப் பதற வைத்திருக்கிறது. அது இந்த வழியில் புதிதாக வருகிறவர்களுக்கு. ஏற்கெனவே ஸ்கில்டு ஒர்க்கர் விசாவில் இருந்து நீட்டிப்பவர்களுக்கு இல்லை. காசநோய்ப் பரிசோதனையும் காவல்துறைச் சான்றிதழும் வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும்போது எழும் தேவைகள். பின்னது அப்போதும் குறிப்பிட்ட சில தொழில்களுக்கு மட்டுமே. உங்களுக்கு இரண்டும் வேண்டாம். பட்டச் சான்றிதழும் வேண்டாம், ஏனென்றால் இந்த விசா எடைபோடுவது வேலையின் தரத்தை. 1,270 பவுண்டு கையிருப்பை 28 நாள் காட்டும் நிபந்தனை, அனுமதியோடு இங்கே 12 மாதம் வாழ்ந்தவர்களுக்கு இல்லை. உங்களுக்கும் மனைவிக்கும் அது முடிந்த கதை.

மகள் விஷயம் வேறு. அவளுக்கு இதுவரை அனுமதி எதுவும் இல்லாததால் அந்த 12 மாத விலக்கு அவளுக்குப் பொருந்தும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். முதல் குழந்தைக்கான தொகை 315 பவுண்டு. அந்தப் பணம் 28 நாள் தொடர்ந்து கணக்கில் இருந்ததைக் காட்டும் அறிக்கையை வைத்துவிடுங்கள். அறிக்கையின் கடைசித் தேதி, விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும். அவளுடைய பிறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர் உள்ள முழுச் சான்றிதழ்தான் வேண்டும். இங்கே சுருக்கச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. அதில் உங்கள் பெயரே இருக்காது. கையில் இருப்பது எது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

அப்படியானால் உங்களுக்கு மிஞ்சுவது என்ன? பாஸ்போர்ட், சி.ஓ.எஸ். எண், அதில் உள்ள வேலைப் பெயர், நான்கு இலக்கத் தொழில் குறியீடு, ஆண்டுச் சம்பளம், நிறுவனத்தின் பெயர், ஸ்பான்சர் உரிம எண். அவ்வளவுதான். மனைவிக்கு பாஸ்போர்ட், திருமணச் சான்றிதழ், ஒரே முகவரியில் வாழ்வதைக் காட்டும் ஒன்றிரண்டு கடிதங்கள்.

ஆவணங்களின் எண்ணிக்கையால் நிராகரிப்பு வருவது அரிது. ஒரே மனிதரைப் பற்றி நான்கு இடத்தில் உள்ள நான்கு பதிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்தான் சிக்கல் வருகிறது. சி.ஓ.எஸ். ஒரு சம்பளத்தைச் சொல்லும்; வருமான வரித்துறையிடம் வேறு ஒரு தொகை பதிவாகியிருக்கும். விசாவை முடிவு செய்யும் உள்துறை அமைச்சகமான ஹோம் ஆபீஸ் நீங்கள் ஏற்றும் தாளை மட்டும் பார்ப்பதில்லை, எச்.எம்.ஆர்.சி. என்ற அந்த வரித்துறையின் பதிவையும் பார்க்க முடியும். ஆகவே உங்கள் நேரத்தை ஸ்கேனரிடம் செலவழிப்பதைவிட சி.ஓ.எஸ். வரிகளைச் சரிபார்ப்பதில் செலவழியுங்கள்.

பொங்கல் பயணம்தான் என்னைக் கவலைப்பட வைக்கிறது. நீட்டிப்பு விண்ணப்பம் முடிவாகாமல் இருக்கும்போது பிரிட்டன், அயர்லாந்து, சேனல் தீவுகள், ஐல் ஆஃப் மேன் ஆகிய பொதுப் பயணப் பகுதியை விட்டு வெளியே போனால், அந்த விண்ணப்பம் திரும்பப் பெறப்பட்டதாகக் கருதப்படும். பழைய விசாவில் நாள் மிச்சம் இருந்தாலும் அதே விதிதான். "விண்ணப்பித்துவிட்டால் போதும்" என்று விமானம் ஏறினால், மனைவி ஊரில் இருந்தபடி புது விசாவுக்கு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். முடிவு வந்த பிறகே பயணம்.

---

இரவுப்பணி_வாணி | 4 நவம்பர் 2025

லெஸ்டரில் செவிலியராக இருக்கிறேன். ஹெல்த் அண்ட் கேர் ஒர்க்கர் விசாவை இந்தக் கோடையில் நீட்டித்தேன். எங்கள் பிரிவில் விண்ணப்பக் கட்டணம் மூன்று ஆண்டு வரை 304 பவுண்டு, அதற்கு மேல் 590. சுகாதாரக் கூடுதல் கட்டணமான ஐ.எச்.எஸ். எங்களுக்குக் கிடையாது. இதைத் தெரியாமல் பொது ஸ்கில்டு ஒர்க்கர் படிவத்தில் போய்ப் பணம் கட்டுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த இழையைப் படிக்கும் செவிலியர்கள் யாராவது இருந்தால் முதல் பக்கத்திலேயே கவனியுங்கள்.

குறிப்பேடு சொன்ன "பதிவுகள் ஒத்துப்போவது" பற்றி என் அனுபவம். எனக்குப் பிரசவ விடுப்பு இருந்தது. அதன் கடைசிப் பகுதியில் சம்பளமே இல்லை. சம்பளச் சீட்டைப் பார்த்தால் ஒரு மாதம் முழுத் தொகை, அடுத்த மாதம் சட்டப்படியான பிரசவத் தொகை மட்டும், பிறகு வெறும் பூஜ்யம். ஒரு ஆண்டில் நான்கு வாரத்துக்கு மேல் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் நிறுவனம் ஸ்பான்சர் செய்வதை நிறுத்த வேண்டும் என்று விதி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு இரவு முழுவதும் அழுதிருக்கிறேன். பிரசவ விடுப்பு, தத்தெடுப்பு விடுப்பு, நோய் விடுப்பு போன்றவை அந்தக் கணக்கில் சேராது என்பது மறுநாள்தான் தெரிந்தது.

எச்.ஆர். பிரிவிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டு வாங்கினேன். விடுப்பு தொடங்கிய தேதி, முடிந்த தேதி, அது எந்த வகை விடுப்பு, திரும்பி வந்தபின் உள்ள சம்பளம். நான்கே வரிகள். சம்பளச் சீட்டுகளோடு அதையும் ஏற்றினேன். கேட்கப்படாத ஆவணம்தான். ஆனால் அதிகாரியின் மனத்தில் எழக்கூடிய ஒரு கேள்விக்கு அது பதில். அப்படிப்பட்ட தாள் என்றால் கூடுதலாக வைப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன். பொதுவாக எல்லாவற்றையும் கொட்டுவது வேறு.

தெற்கத்திக்காரன், உங்களுக்குச் சம்பளமில்லா விடுப்பு ஏதாவது உண்டா?

---

தெற்கத்திக்காரன் | 4 நவம்பர் 2025

மிகவும் நன்றி அக்கா, நன்றி அண்ணா. சம்பளமில்லா விடுப்பு எதுவும் இல்லை. மகள் பிறந்தபோது எடுத்தது தந்தையர் விடுப்பு மட்டும்.

பிறப்புச் சான்றிதழை எடுத்துப் பார்த்தேன். முழுச் சான்றிதழ்தான், எங்கள் இருவர் பெயரும் இருக்கிறது. ஆனால் ஒரு சந்தேகம். என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பாவின் பெயர் முழுமையாக இருக்கிறது. மகளின் பிறப்புச் சான்றிதழிலும் என் பெயர் அப்படியே இருக்கிறது. எங்கள் திருமணச் சான்றிதழிலோ என் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல்தான். மனைவியின் பாஸ்போர்ட்டில் அவருடைய அப்பா பெயர். என் பெயர் துணைவர் பெயராக மட்டும் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மூன்று பேருக்கும் குடும்பப் பெயர் வேறு வேறாகத் தெரிகிறது. இது பிரச்சினையாகுமா?

---

ஈஸ்ட்ஹாம்_வாசி | 5 நவம்பர் 2025

பெயர் விஷயம் நம் ஆட்கள் எல்லோருக்கும் உள்ளதுதான். அப்பா பெயர் ஒரு தாளில் முன்னால், ஒரு தாளில் பின்னால், ஒரு தாளில் ஒற்றை எழுத்து. படிவத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள். கணவன், மனைவி, பிள்ளைக்குக் குடும்பப் பெயர் வேறாக இருப்பதால் யாரும் மறுக்கமாட்டார்கள். உறவைக் காட்டுவது சான்றிதழ், பெயர் இல்லை. இனிஷியல் எந்தப் பெயரைக் குறிக்கிறது என்று இரண்டு வரி விளக்கக் கடிதம் எழுதி, கையெழுத்திட்டு, அப்பா பெயர் இருக்கும் உங்கள் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்துவிடுங்கள்.

குறிப்பேடு அவர்களுக்கு ஒரு கேள்வி. அதிகம் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்? எனக்குத் தெரிந்த ஒருவர் சி.ஓ.எஸ். எண்ணும் பாஸ்போர்ட்டும் மட்டும் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துச் சம்பளச் சீட்டும் வங்கி அறிக்கையும் கேட்டு மின்னஞ்சல் வந்தது. அப்போது அவருடைய பழைய வங்கிக் கணக்கு மூடிக் கிடந்தது. எதையும் முன்கூட்டியே தயார் செய்து வைத்திருந்தால் அந்த ஓட்டம் இருந்திருக்காதே.

---

குறிப்பேடு | 5 நவம்பர் 2025

தயார் செய்து வைப்பதில் உங்களோடு முழு உடன்பாடு. கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அந்தச் சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கின் அறிக்கை, பி60 (நிறுவனம் தரும் ஆண்டுச் சம்பள-வரிச் சான்று) ஆகியவை எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். கேட்டால் அன்றே அனுப்பலாம். ஏற்றுவதில்தான் வேறுபடுகிறேன்.

நாற்பது பக்க வங்கி அறிக்கையை யாரும் கேட்காமலே கொடுத்தால், அதிலுள்ள ஒவ்வொரு வரவும் ஒரு கேள்வியாக மாறலாம். நண்பர் திருப்பிக் கொடுத்த கடன், ஊரிலிருந்து வந்த பணம் எல்லாமே அங்கே விளக்கமின்றி நிற்கும். எதையும் மறைக்கச் சொல்லவில்லை. படிவம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் முழு உண்மையைச் சொல்லுங்கள். குறிப்பாக, குற்றங்கள் பற்றிய பக்கத்தில் வாகனம் ஓட்டியதற்கான தண்டனைகளையும் கேட்பார்கள். அந்தக் கேள்வியை அவசரமாக "இல்லை" என்று தாண்டிப் போகிறவர்கள் அதிகம். வேகமாக ஓட்டியதற்கு நீதிமன்றம் வரை போனவர்கள் அதை நிதானமாகப் படிக்க வேண்டும். மறைத்தது தெரிந்தால், அந்தக் குற்றத்தைவிட மறைத்ததுதான் பெரிதாகும்.

பாஸ்போர்ட் பற்றி: விண்ணப்பிக்கும் நாளில் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் இருந்தால் போதும். விசா அதன் காலாவதித் தேதியையும் தாண்டிக் கிடைக்கும். பாதி விண்ணப்பத்தில் புதுப்பிக்கக் கொடுக்காதீர்கள், ஏனென்றால் சி.ஓ.எஸ்., படிவம், யு.கே.வி.ஐ. கணக்கு (விசா விவரம் உள்ள இணையக் கணக்கு) மூன்றிலும் பழைய எண் இருக்கும். முடிவு வந்தபின் நிதானமாகப் புதுப்பித்து, புது எண்ணை யு.கே.வி.ஐ. கணக்கில் சேர்த்துவிடுங்கள். சேர்க்காமல் விமான நிலையம் போனால் செக்-இன் மேசையில் உங்கள் மின்னணு விசாவான இ-விசா தெரியாமல் நிற்க வேண்டியிருக்கும்.

அடுத்தது எச்.ஆர். சொன்ன "அவசரமில்லை". சி.ஓ.எஸ். ஒதுக்கிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும். வேலைத் தொடக்கத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆக உங்களுக்கு வாசல் இப்போதே திறந்துதான் இருக்கிறது. உள்நாட்டு நீட்டிப்புக்கு 'அன்டிஃபைண்டு' வகை சி.ஓ.எஸ். வேண்டும். நிறுவனத்தின் இந்த ஆண்டு ஒதுக்கீட்டில் அது மிச்சம் இருக்கிறதா என்று மட்டும் இன்று கேளுங்கள். தீர்ந்திருந்தால் ஹோம் ஆபீஸிடம் கூடுதலாகக் கேட்டுப் பெற வாரங்கள் ஓடிவிடும். டிசம்பர் கடைசியில் பாதி அலுவலகங்கள் மூடிக் கிடக்கும்.

---

மார்கழி | 6 நவம்பர் 2025

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் மாணவியாக வந்து, 2022 பிப்ரவரி முதல் இரண்டு ஆண்டு, படிப்பை முடித்தவர்களுக்கான கிராஜுவேட் விசாவில் இருந்தேன். 2024 பிப்ரவரியில் ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்கு மாறினேன். அது 2026 பிப்ரவரியில் முடிகிறது. சம்பளம் 30,500 பவுண்டு. போன தடவை, தொழிலுக்குப் புதியவர்களுக்குக் குறைந்த சம்பளத்தை அனுமதிக்கும் 'நியூ என்ட்ரன்ட்' சலுகையில் விசா கிடைத்தது. இந்தத் தடவையும் அதே கட்டத்தில் டிக் போட்டுவிடுவோம் என்கிறது எச்.ஆர். என் வேலை கையை விட்டுப் போய்விடக் கூடாது. இது சரியா?

---

குறிப்பேடு | 6 நவம்பர் 2025

மார்கழி, இன்றே எச்.ஆர். பிரிவிடம் பேசுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். நியூ என்ட்ரன்ட் சலுகைக்கு மொத்தம் நான்கு ஆண்டுதான் வரம்பு. மாணவி விசாக் காலம் அதில் சேராது. கிராஜுவேட் விசாக் காலம் சேரும். இரண்டும் இரண்டும் நான்கு. வரும் பிப்ரவரியில் உங்கள் கணக்கு முடிந்துவிடுகிறது.

ஆனால் மனம் தளராதீர்கள். உங்கள் முதல் சி.ஓ.எஸ். 2024 ஏப்ரல் 4-க்கு முன்னால் வந்தது, அதன் பிறகு இடைவெளி இல்லாமல் இந்த வழியிலேயே இருக்கிறீர்கள். அதனால் புதியவர்களுக்கான 41,700 பவுண்டு உங்களுக்கு இல்லை. இந்த ஜூலை 22 முதல் உங்களைப் போன்றவர்களுக்குக் குறைந்தபட்சம் 31,300. அதோடு உங்கள் தொழில் குறியீட்டுக்கு உரிய சம்பள விகிதம் (அந்தத் தொழிலுக்குத் தர வேண்டிய தொகை) ஒன்று அட்டவணையில் இருக்கும். பழையவர்களுக்கான குறைந்த விகிதத்தைப் பாருங்கள். இந்த இரண்டில் எது அதிகமோ அதைச் சம்பளம் தொட வேண்டும். இந்தக் கணக்கில் 30,500 போதாது. கூடுதல் நேரப் பணம், போனஸ், வீட்டுப் படி எதுவும் கணக்கில் வராது. உறுதியான அடிப்படைச் சம்பளம் மட்டுமே. குறைந்தபட்சத்துக்கு 800 பவுண்டுதான் இடைவெளி. விகித அட்டவணையும் அதற்குள் அடங்கினால் பல நிறுவனங்கள் அந்த அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும், ஆனால் சி.ஓ.எஸ். போடுவதற்கு முன்னால் நீங்கள் கேட்டால்தான்.

சம்பளத்தை ஏற்றிக் காட்டிவிட்டு, பின்வாசலில் விசாச் செலவு என்று பிடித்துக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படிப் பிடிக்கும் தொகையைக் கழித்துத்தான் சம்பளத்தைக் கணக்கிடுவார்கள். ஸ்பான்சர் செய்வதற்கான இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ் என்ற கட்டணம் எப்போதுமே நிறுவனத்தின் பொறுப்பு. 2024 டிசம்பர் 31 முதல் சி.ஓ.எஸ். கட்டணமான 525 பவுண்டையும் ஊழியர் தலையில் கட்டக் கூடாது.

---

இழை நிர்வாகி | 7 நவம்பர் 2025

சில உறுப்பினர்கள் பாஸ்போர்ட் பக்கத்தையும் சி.ஓ.எஸ். எண்ணையும் படமாக இட்டிருந்தார்கள். நீக்கியிருக்கிறோம். கேள்வியைச் சொற்களில் எழுதுங்கள். பிறந்த தேதி, ஷேர் கோட் (விசா நிலையைப் பிறருக்குக் காட்டும் குறியீடு), நிறுவனத்தின் பெயர் எதையும் இங்கே பகிர வேண்டாம். தனிச் செய்தியில் "ஆவணம் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்று யாராவது கேட்டால் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

---

தெற்கத்திக்காரன் | 25 நவம்பர் 2025

சில நாட்களாக இந்தப் பக்கம் வர முடியவில்லை. எச்.ஆர். பிரிவில் ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டதில், ஒன்றே ஒன்று மிச்சம் இருப்பது தெரிந்தது. அதை எனக்கென்று வைத்துவிட்டார்கள். குறிப்பேடு அண்ணா சொன்னதால் ஒதுக்குவதற்கு முன்னால் வரைவைக் காட்டச் சொன்னேன். பக்கத்தில் வேலை ஒப்பந்தத்தையும் கடைசிச் சம்பளச் சீட்டையும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிட்டேன்.

பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் சரி. தொழில் குறியீடு 2134 என்று இருந்தது. முதல் விசாவில் 2136. வேலை மாறிவிட்டதாகக் காட்டுகிறார்களோ என்று பயந்தேன். 2024 ஏப்ரலில் குறியீட்டுப் பட்டியலே மாறியது, பழைய 2136-தான் புதிதில் 2134 என்று எச்.ஆர். விளக்கினார்கள். அடுத்த வரியில் வார வேலை நேரம் 40 என்று இருந்தது. என் ஒப்பந்தத்தில் 37.5.

அது சின்ன வித்தியாசம் என்று விட்டுவிடலாமா, அண்ணா?

---

குறிப்பேடு | 25 நவம்பர் 2025

விடவே கூடாது. தொழில் விகித அட்டவணை வாரம் 37.5 மணி நேரத்துக்கு எழுதப்பட்டது. 40 என்று போட்டால் நீங்கள் தொட வேண்டிய சம்பளம் அதே விகிதத்தில், ஏறக்குறைய 6.7 சதவீதம் உயரும். விளிம்பில் சம்பளம் வாங்குகிறவருக்கு அந்த ஒரு வரியே நிராகரிப்பாகிவிடும். ஒதுக்குவதற்கு முன்னால் என்பதால் திருத்துவது எளிது.

இன்னொரு வரியையும் பாருங்கள்: முடிவுத் தேதி. சி.ஓ.எஸ். காலம் மூன்று ஆண்டைத் தாண்டி ஒரு நாள் போனாலும் கட்டணம் ஆளுக்கு 885-இலிருந்து 1,751 பவுண்டு ஆகிவிடும். உங்கள் குடும்பத்துக்கு மூன்று மடங்கு.

---

தெற்கத்திக்காரன் | 27 நவம்பர் 2025

இரண்டையும் திருத்திவிட்டார்கள். 2026 ஜனவரி 15 முதல் 2029 ஜனவரி 14 வரை, வாரம் 37.5 மணி. சி.ஓ.எஸ். எண் இன்று வந்தது.

மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதற்காகச் செலவுக் கணக்கு. விண்ணப்பக் கட்டணம் மூன்று பேருக்கு 2,655. ஐ.எச்.எஸ். ஆண்டுக்குப் பெரியவருக்கு 1,035 வீதம் எங்கள் இருவருக்கும் மூன்று ஆண்டுக்கு 6,210. மகளுக்கு 776 வீதம் 2,328. மொத்தம் 11,193 பவுண்டு. முடிவை ஐந்து வேலை நாளில் பெற ஆளுக்கு 500 சேர்த்தால் 12,693. பொங்கலுக்கு மாமியார் பேத்தியை முதல் முறை நேரில் பார்க்கக் காத்திருக்கிறார். அதனால் அந்த 1,500-ஐக் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டோம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டால் ஐ.எச்.எஸ். திரும்பும், விண்ணப்பக் கட்டணம் திரும்பாது என்று படித்தேன். சரிதானே?

---

இரவுப்பணி_வாணி | 28 நவம்பர் 2025

சரிதான். கட்டணம் கட்டும் நாள்தான் விண்ணப்ப நாள். அடையாளச் சோதனையை செயலியில் செய்வதா, விசா விண்ணப்ப மையத்துக்குப் போவதா என்பதைப் படிவமே சொல்லும். நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. மையம் என்றால் ஆவணங்களை முன்னதாகவே இணையத்தில் ஏற்றிவிடுங்கள். கோப்புக்குத் தெளிவான பெயர் வையுங்கள்: யாருடையது, என்ன ஆவணம். மகளுடைய பிறப்புச் சான்றிதழும் அந்த 315 பவுண்டு அறிக்கையும் அவளுடைய விண்ணப்பத்தின் கீழ் ஏறியிருக்கின்றனவா என்று பாருங்கள். என்னோடு வேலை செய்பவர் ஒருவருக்குப் பிள்ளையின் தாள்கள் எல்லாம் அப்பாவின் கோப்பில் போய், பிள்ளையின் விண்ணப்பம் மட்டும் தனியாகத் தாமதமானது.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகும்போது அவள் தூங்கி எழுந்த நேரமாகப் பாருங்கள். புகைப்படத்துக்குக் கண் திறந்திருக்க வேண்டும்.

---

தெற்கத்திக்காரன் | 11 டிசம்பர் 2025

டிசம்பர் 1 அன்று கட்டணம் கட்டினோம், 4-ஆம் தேதி மையத்துக்குப் போனோம். இன்று காலை மூன்று பேருக்கும் அனுமதி வந்துவிட்டது. மனைவி அழுதுகொண்டே அவர் அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஏற்றியது நாங்கள் பேசியபடியேதான்: பாஸ்போர்ட்டுகள், திருமணச் சான்றிதழும் இனிஷியல் விளக்கமும், மகளின் முழுப் பிறப்புச் சான்றிதழ், 28 நாள் அறிக்கை, எங்கள் இருவர் பெயரிலும் உள்ள கவுன்சில் வரிக் கடிதம். சம்பளச் சீட்டுகளைத் தனிக் கோப்பில் தயாராக வைத்திருந்தேன், யாரும் கேட்கவில்லை.

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. மகளின் யு.கே.வி.ஐ. கணக்கைத் திறந்து பார்க்கும்போது அவள் பெயரில் ஓர் எழுத்து விட்டுப்போயிருப்பது போலத் தெரிகிறது. பாஸ்போர்ட்டில் இரண்டு 'ஏ', இங்கே ஒன்று.

---

குறிப்பேடு | 11 டிசம்பர் 2025

மிகவும் மகிழ்ச்சி. அந்த எழுத்தை இன்றே சரி செய்யச் சொல்லுங்கள். அரசு இணையதளத்தில் இ-விசாவில் உள்ள பிழையைத் தெரிவிக்கும் படிவம் இருக்கிறது. அவளுடைய விண்ணப்ப எண்ணையும் பாஸ்போர்ட் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். டிக்கெட்டில் உள்ள பெயரையும் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுவிடுங்கள். முடிவு மின்னஞ்சலை அச்செடுத்து மனைவி கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும். ஜனவரி 10-க்குள் திருத்தம் வந்து சேரவில்லை என்றால் பயணத்துக்கு முன் இங்கே எழுதுங்கள்.

மார்கழி, உங்கள் சம்பள விஷயம் என்ன ஆயிற்று?

---

மார்கழி | 12 டிசம்பர் 2025

நேற்றுதான் கடிதம் கையில் கிடைத்தது. ஜனவரி 1 முதல் 32,000. என் குறியீட்டின் விகிதத்தையும் பார்த்துவிட்டேன், அதையும் தாண்டுகிறது. சி.ஓ.எஸ். வரைவு அடுத்த வாரம் வருகிறது. வந்ததும் வேலை நேர வரியை முதலில் பார்க்கிறேன்.